ஒரு குடும்பத்தில் ஓங்கு பண்பையும் ஒடுங்கு பண்பையும் பிரித்தறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உயிரியல் படிக்கும் மாணவர்களிடம் தம் குடும்பத்தின் மரபுவழி வரைபடத்தை வரைந்து வரச் சொன்னால், அவர்கள் தடுமாறும் இடங்கள் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கின்றன. பண்பைத் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறவுமுறைப் பெயரை அப்படியே நம்பி வரைகிறார்கள். கடைசியில் தலைகளை எண்ணி, அதிகம் பேரிடம் இருப்பதால் இது ஓங்கு பண்பு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்த மூன்று தவறுகளும் நேராதபடி, வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன்.

அடிப்படை இவ்வளவுதான். பெரும்பாலான மரபணுக்களில் நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரே ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் பண்பு ஓங்கு பண்பு. இரண்டு பிரதிகளும் அதுவாகவே இருந்தால் மட்டும் தெரியும் பண்பு ஒடுங்கு பண்பு. ஒடுங்கு பண்பின் ஒரு பிரதியை மட்டும் சுமந்துகொண்டு, பண்பு வெளியே தெரியாமல் வாழ்பவரைக் கடத்தி என்கிறோம். ஓங்கு என்பதற்கு வலிமையானது, நல்லது, பரவலானது என்ற பொருள் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஓ இரத்தவகை ஒடுங்கு பண்பு. அரிதாகவே காணப்படும் ஆறாம் விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பு.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு பெரிய வரைதாள், பென்சில், அழிப்பான், அளவுகோல், விவரம் குறிக்க ஒரு தனி நோட்டு ஆகியவை போதும். பேனாவால் வரையத் தொடங்காதீர்கள். நம் ஊர்க் குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழிகளில் உறவாக இருப்பது வழக்கம் என்பதால், வரைபடத்தை இடம் மாற்றி வரைய வேண்டிய தேவை கட்டாயம் வரும்.

குறைந்தது மூன்று தலைமுறைகளின் விவரம் வேண்டும். ஒடுங்கு பண்பு ஒரு தலைமுறையைத் தாண்டிக்குதிப்பதைக் காண நான்கு தலைமுறைகள் இருந்தால் நல்லது. பாட்டி, பெரிய பாட்டி என்று குடும்பத்தின் கிளைகள் அனைத்தையும் அறிந்த ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களும், கட்டிக்கொடுத்த பெண்களும் ஆடிப்பெருக்கை ஒட்டி ஊருக்கு வருவார்கள். காதணி விழாவிலும் எல்லோரையும் ஓரிடத்தில் பார்க்கலாம். நேரில் பார்க்காமல் பிறர் சொல்லைக் கேட்டு எழுதும் விவரம் பாதி விவரமே.

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் ஒவ்வொருவரிடமும் அனுமதி பெறுங்கள். வரைபடத்தில் பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். எந்த எண் யாருக்கு உரியது என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கட்டும். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே பண்பு இருப்பதைக் காட்டும் கருப்பு வட்டம் இருப்பதை வெளியார் பார்த்தால் விளையும் துன்பம் உங்கள் மதிப்பெண்ணைவிடப் பெரியது.

2. சரியான பண்பைத் தேர்ந்தெடுத்தல்

வேலையின் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது, ஆகவே இதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். பிரித்தறியத் தகுந்த பண்பு, ஒரே மரபணுவால் முடிவாவதாகவும், இருக்கிறது அல்லது இல்லை என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உயரம், தோல் நிறம், முக அமைப்பு ஆகியவை பல மரபணுக்களும் உணவும் சூழலும் சேர்ந்து உருவாக்குபவை; அவற்றை இந்த முறையால் ஆராய முடியாது.

நாக்கை உருட்டுதல், ஒட்டிய காதுமடல், கன்னக்குழி, பின்னோக்கி வளையும் கட்டைவிரல், நெற்றியில் கூராக இறங்கும் முடிவரிசை ஆகியவற்றையே பலரும் முதலில் எடுக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று உடனே பார்த்துவிடலாம் என்பதுதான் காரணம். ஆனால் இவை ஒரே மரபணுவின் பண்புகள் அல்ல. நாக்கை உருட்டுவது ஓங்கு பண்பு என்று 1940-இல் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவண்ட் எழுதினார். 1952-இல் ஒருகரு இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வில், 33 இணைகளுள் 7 இணைகளில் ஒருவரால் முடிந்தது மற்றவரால் முடியவில்லை. மரபணுக்கள் முழுவதும் ஒன்றாக இருக்கும் இருவரிடம் இந்த வேறுபாடு வருமானால், ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களைக் கொண்டு அதை விளக்க இயலாது. காதுமடல் ஒட்டியிருப்பதில் 49 மரபணுப் பகுதிகளுக்குப் பங்கு இருப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. மடல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒட்டியது ஒட்டாதது என்ற இரண்டு வகைகளுக்கு இடையே எல்லா நிலைகளும் இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

தேர்வில் பாடநூலில் உள்ளபடி விடை எழுதுங்கள், அதில் தவறில்லை. சொந்தமாக ஆராயும்போது மட்டும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எச் இரத்தவகை: புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பாசிட்டிவ் ஓங்கு பண்பு, நெகட்டிவ் ஒடுங்கு பண்பு. ஓட்டுநர் உரிமம், மகப்பேற்று அட்டை, இரத்ததானச் சான்று என்று ஏதாவது ஒரு தாள் வீட்டில் இருக்கும். யாரையும் சங்கடப்படுத்தும் கேள்வியும் இதில் இல்லை. வாயால் சொல்லும் வகையை ஏற்காமல் தாளைப் பார்த்தே எழுதுங்கள்.

காதுக் குறும்பியின் தன்மை: பிசுபிசுப்பான மஞ்சள்பழுப்புக் குறும்பி ஓங்கு பண்பு, தவிடுபோல் உதிரும் சாம்பல்நிறக் குறும்பி ஒடுங்கு பண்பு. 16-ஆவது குரோமோசோமில் உள்ள ஒற்றை மரபணு இதை முடிவு செய்கிறது என்பது 2006-இல் உறுதியானது. கண்ணால் பார்த்து எளிதில் பிரிக்கலாம். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வகையாக இருந்துவிட்டால் வேறு பண்புக்கு மாறுங்கள், ஏனெனில் வேறுபாடு இல்லாத இடத்தில் ஆராய எதுவும் இருக்காது.

பிடிசி கசப்பு: பிடிசி என்ற வேதிப்பொருள் தடவிய தாள்துண்டை நாக்கில் வைத்தால் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். கசப்பை உணராமை ஏறக்குறைய ஒடுங்கு பண்பாக இறங்குகிறது. வெற்றிலை போட்டு முடித்த உடனேயோ காப்பி குடித்த சூட்டிலோ சோதித்தால் விடை தவறும். வாயைக் கொப்பளித்துச் சற்று நேரம் கழித்துச் சோதியுங்கள்.

ஆறாம் விரல், சிவப்பு பச்சை நிறக்குருடு, தோலும் முடியும் வெளுத்துப் பிறத்தல் ஆகியவை ஏற்கெனவே உங்கள் குடும்பத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். அடுத்த வீட்டில் போய் இவற்றைத் தேட வேண்டாம்.

3. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் குறித்தல்

இருக்கிறது, இல்லை, தெரியவில்லை என்று மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றாவது பத்தியை விட்டுவிடுவது பெரிய பிழை. பார்க்காதவரை இல்லை என்ற பத்தியில் சேர்த்துவிட்டால், பிறகு அவருடைய பெற்றோரைக் கொண்டு எடுக்கும் முடிவு முழுவதும் சரிந்துவிடும்.

ஆறாம் விரலை ஆராய்வதானால், விரல்களை எண்ணினால் மட்டும் போதாது. சுண்டுவிரலின் வெளிப்பக்க ஓரத்தில், விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், அரிசி அளவு சிறிய மேடோ பளபளப்பான தழும்போ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள். எலும்பு இல்லாமல் சதைத் துணுக்காகத் தொங்கிய விரலைப் பிறந்த சில நாட்களிலேயே நூல் கட்டி உதிரவிடும் வழக்கம் முன்பு இருந்தது. கைக்கு உரியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். தாயையோ பாட்டியையோ கேளுங்கள். கால்விரல்களையும் பார்க்க மறவாதீர்கள்.

இறந்தவர்களையும் கணக்கில் கொண்டுவாருங்கள், முக்கியமாகப் பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தைகளை. இதை மிகுந்த பரிவோடு கேட்க வேண்டும். பெண் சிசுக்கள் இறந்துபோன வலியைச் சுமக்கும் வீடுகள் இந்தப் பகுதியில் உண்டு. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது அதனால்தான். பாட்டி பேச விரும்பவில்லை என்றால் அத்துடன் நிறுத்திக்கொண்டு, அந்த வரிசையில் விவரம் முழுமையாக இல்லை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் விடுபட்ட வரிசையைக் கொண்டு ஆண்களுக்கே வரும் பண்பு என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க இந்தக் குறிப்பு உதவும்.

4. உறவை முறைப்பெயரால் எழுதாமல் பெற்றோரால் எழுதுதல்

நம் பேச்சில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், கூடப்பிறந்தவனும் அண்ணன்தான். அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, அக்காவின் கணவரும் மாமா. நோட்டில் அண்ணன் என்று எழுதிவந்து, வீட்டில் உட்கார்ந்து வரையும்போது, பெரியப்பாவின் மகனைத் தன் பெற்றோருக்குப் பிறந்தவராகச் சேர்த்துவிடும் மாணவர்கள் பலர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்களில், முறைப்பெயர்களை மொழி மாற்றிச் சொல்லும்போது குழப்பம் இன்னும் கூடும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இவரைப் பெற்ற தாய் யார், தந்தை யார், இவருக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்கள் யார். விடைகளை எண்களாக மாற்றிய பிறகே அடுத்த ஆளுக்குப் போங்கள். தத்துப் பிள்ளை, தந்தையின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர் போன்ற விவரங்கள் இந்த மூன்று கேள்விகளில் தாமாகவே வெளிவந்துவிடும்.

தம்பதி ஒவ்வொருவரைப் பற்றியும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு: திருமணத்துக்கு முன்பே இருவரும் உறவா? உறவில்லை, அசல் என்று சொன்னாலும், இருவரின் பாட்டிமாரும் ஒரே ஊரா என்று மேலும் ஒரு படி கேளுங்கள். தாய்மாமனைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் என்பது எளிதில் கிடைக்கும் விவரம். இஸ்லாமியக் குடும்பங்களில் சித்தப்பா, பெரியப்பா மக்களுக்குள்ளும் மணம் நடப்பதுண்டு. மரபணுக் கணக்கில் அத்தை மகனும் சித்தப்பா மகனும் ஒன்றே. சமூக முறைதான் வேறு.

5. வரைதல்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பால் தெரியாவிட்டால் சாய்சதுரம். பண்பு உள்ளவருக்கு உருவத்தை முழுவதும் நிரப்புங்கள். இறந்தவருக்கு உருவத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு. விவரம் தெரியாதவருக்கு உள்ளே ஒரு கேள்விக்குறி. கணவன் மனைவியைக் கிடைக்கோட்டால் இணைத்து, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி இடமிருந்து வலமாகத் தொங்கவிடுங்கள். இரட்டையர் ஒரே புள்ளியிலிருந்து பிரிவார்கள். ஒருகரு இரட்டையராக இருந்தால் பிரியும் இரு கோடுகளுக்கு இடையே ஒரு குறுக்குக்கோடு.

தலைமுறைகளுக்கு ரோமன் எண் இடுவது பொது வழக்கம். இங்கே எளிமைக்காக, மூன்றாம் தலைமுறையின் இரண்டாவது ஆளை 3-2 என்று குறிக்கிறேன்.

மேலிருந்து கீழாக வராமல், எந்த ஆளிடமிருந்து ஆராய்ச்சி தொடங்கியதோ அவரை நடுவில் வைத்து ஓர் அம்புக்குறி இட்டு, முதலில் உடன்பிறந்தவர்கள், பிறகு பெற்றோர், பிறகு பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று விரித்துக்கொண்டு போங்கள். பாட்டனிலிருந்து தொடங்கினால் தாய்வழி ஒரு பக்கமாகச் சுருங்கிவிடுகிறது. பலருடைய வரைபடத்தில் தந்தைவழி மட்டுமே நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

6. சொந்தத்தில் நடந்த திருமணத்தைக் காட்டுதல்

உறவுக்குள் மணந்த தம்பதியை இரட்டைக் கோட்டால் இணைக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவரும் ஒரே தலைமுறையில் நிற்பதால் சிக்கல் இல்லை. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் ஒருவர் மேல் வரிசையிலும் மற்றவர் கீழ் வரிசையிலும் இருப்பார்கள்.

அப்போது மாமனை அவருடைய உடன்பிறந்தோர் வரிசையில் அக்காவுக்கு அருகே உள்ள ஓரத்திலும், பெண்ணைத் தன் உடன்பிறந்தோர் வரிசையில் மாமனுக்கு அருகே உள்ள ஓரத்திலும் வைத்து, சாய்வான இரட்டைக்கோட்டால் இணையுங்கள். பிறந்த வரிசை இதனால் சற்று மாறினால் பாதகமில்லை, ஓரத்தில் குறித்துவிடுங்கள். அவர்களின் பிள்ளைகள் தாயின் தலைமுறைக்கு அடுத்த வரிசையில் வருவார்கள்.

மாமனைக் கணவராக இன்னொரு முறை கீழ் வரிசையில் வரைந்துவிடுவதே இங்கு அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே ஆள் இரண்டு சதுரங்களானால், வெளியிலிருந்து வந்த புதிய ஆள்போலத் தோன்றி, ஒடுங்கு பண்பின் பிரதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை மறைந்துபோகும்.

7. முடிவைச் சொல்லும் தம்பதியைத் தேடுதல்

வரைபடம் முடிந்ததும் எத்தனை பேரிடம் பண்பு இருக்கிறது என்று எண்ணாதீர்கள். பெற்றோர் இருவரும் ஒரே மாதிரியாக இருந்து, பிள்ளை மட்டும் வேறு மாதிரியாகப் பிறந்த ஒரு தம்பதியைத் தேடுங்கள். அப்படி ஒரே ஒரு தம்பதி கிடைத்தால், நூறு பேரின் எண்ணிக்கை சொல்லாததை அது சொல்லிவிடும்.

பெற்றோர் இருவரிடமும் பண்பு இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது என்றால் அது ஒடுங்கு பண்பு. பிள்ளைக்கு அதன் பிரதி பெற்றோரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவர்களிடம் அது இருந்தும் தெரியாமல் ஒடுங்கி இருந்திருக்கிறது.

பெற்றோர் இருவரிடமும் பண்பு இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை என்றால் அது ஓங்கு பண்பு. அது ஒடுங்கு பண்பாக இருந்திருந்தால், பெற்றோரிடம் கொடுப்பதற்கு வேறு வகைப் பிரதியே இருந்திருக்காது.

ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத தம்பதி, அவர்களின் பிள்ளைகள் எப்படி இருந்தாலும், தனியாக எதையும் நிறுவாது. குடும்பத்தில் இத்தகைய தம்பதிகள் மட்டுமே இருந்தால், முடிவு கிடைக்கவில்லை என்று எழுதுங்கள், அல்லது இன்னொரு கிளையைச் சேருங்கள். முடிவு கிடைக்கவில்லை என்பது முறையான விடை. அதை எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

8. கிடைத்த முடிவை ஐயுறுதல்

தலைமுறைதோறும் வருவதால் ஓங்கு பண்பு என்ற வாதம் நம் பகுதியில் பிறழ்வதற்கு வாய்ப்பு மிகுதி. ஒடுங்கு பண்பு உள்ள ஒருவர் தன் உறவிலேயே மணந்தால், துணைவரும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு உண்டு. அப்போது பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் பண்பு தெரியும். அடுத்த தலைமுறையிலும் உறவிலேயே மணம் நடந்தால் மீண்டும் அதேதான். வரைபடத்தைப் பார்த்தால் அச்சு அசலாக ஓங்கு பண்பு போலவே இருக்கும். இரட்டைக்கோடு உள்ள கிளைகளைத் தனியே வைத்துவிட்டு, வெளியில் மணந்த கிளைகளில் பண்பு தொடர்கிறதா என்று பார்ப்பதே இதற்கு மருந்து.

ஆறாம் விரல் எதிர்த்திசையில் ஏமாற்றும். ஓங்கு பண்பின் பிரதி இருந்தும் சிலருக்கு விரல் தோன்றாமல் போவதுண்டு. இயல்பான கைகள் உள்ள பெற்றோருக்கு ஆறு விரல் குழந்தை பிறந்து, பெற்றோர் ஒருவரின் தாய்க்கோ தந்தைக்கோ ஆறு விரல் இருந்திருந்தால், ஒடுங்கு பண்பு என்று எழுத அவசரப்படாதீர்கள்.

புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றமும் உண்டு. கைகால் குட்டையாகவும் தலை பெரிதாகவும் அமையும் எலும்பு வளர்ச்சிக் குறைவான அகோண்ட்ரோபிளேசியா ஓங்கு பண்பு. ஆனாலும் அதனுடன் பிறப்பவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரின் பெற்றோர் இயல்பான உயரம் கொண்டவர்கள்.

பிறவிக் காதுகேளாமை வேறுவகைச் சிக்கல். அதற்குக் காரணமாகும் ஒடுங்கு மரபணுக்கள் பல. காது கேளாத இருவர் மணந்து, கேட்கும் திறனுள்ள பிள்ளை பிறந்தால், ஏழாம் படியின் விதி ஓங்கு பண்பு என்று சொல்லும். உண்மையில் தாயிடம் ஒரு மரபணுவும் தந்தையிடம் வேறொரு மரபணுவும் பழுதாகி இருக்கலாம். பிள்ளைக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது.

ஏ, பி, ஓ இரத்தவகையை எடுப்பவர்களுக்கு: ஏயும் பியும் ஒன்றையொன்று அடக்காமல் சேர்ந்தே வெளிப்படும், ஓ இரண்டுக்கும் ஒடுங்கும். ஓ வகைப் பெற்றோருக்கு ஏ வகைப் பிள்ளை பிறந்ததாகத் தெரிந்தால், முதலில் அட்டையில் பிழை இருக்கலாம் என்று கொள்ளுங்கள். 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பம்பாய் இரத்தவகை உள்ளவர்களும் சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரிவார்கள்; ஏ அல்லது பி மரபணு அவர்களிடம் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும். இரத்தவகையை வைத்து ஒரு வீட்டில் பிறப்பைப் பற்றிய ஐயத்தை எழுப்புவது பெருந்தவறு. அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு ஆசிரியரிடம் மட்டும் பேசுங்கள்.

9. எக்ஸ் குரோமோசோம் வழியா என்று சோதித்தல்

ஒடுங்கு பண்பு என்று முடிவான பிறகே இந்தப் படி. பண்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆண்களாகவும், அவர்கள் தாய்வழியால் தொடர்புடையவர்களாகவும் இருந்தால் எக்ஸ் வழியை ஐயுறலாம். பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆணிடம் ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ளன; தந்தை மகனுக்கு ஒய் குரோமோசோமையே தருகிறார். ஆகவே பண்பு உள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு அது இறங்கியதாகக் காட்டும் ஓர் இணை, துணைவி கடத்தியாக இருக்க வாய்ப்பில்லாத இடத்தில் கிடைத்தால், எக்ஸ் வழி இல்லை என்று கொள்ளலாம். நிறக்குருடு உள்ள பெண்ணின் தந்தைக்கும் அவளுடைய எல்லா மகன்களுக்கும் நிறக்குருடு இருக்க வேண்டும். ஒருவருக்கு இல்லையென்றாலும் கணக்கை மறுபடி பாருங்கள்.

பெண்ணுக்கு வந்துவிட்டதால் எக்ஸ் வழி இல்லை என்று சொல்வதும் தவறு. இரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோஃபிலியா உள்ள ஆண் தன் அக்கா மகளை மணந்தால், அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பொதுவாக 4-இல் 1. அவள் கடத்தியானால் பெண் பிள்ளைகளுக்கும் அந்நோய் வரலாம். காதுமடல் ஓரத்து அடர்முடியை ஒய் வழிப் பண்பு என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். தென்னிந்திய ஆண்களிடம் ஒய் குரோமோசோமைப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு அதை ஆதரிக்கவில்லை.

10. ஒவ்வொருவருக்கும் மரபணு இணையை எழுதுதல்

ஓர் எடுத்துக்காட்டோடு செய்வோம். இது விளக்குவதற்காக அமைத்த குடும்பம். ஆர்எச் பாசிட்டிவ் பிரதிக்கு + குறியும், நெகட்டிவ் பிரதிக்கு − குறியும் இடுகிறேன்.

பாட்டன் 1-1 பாசிட்டிவ், பாட்டி 1-2 நெகட்டிவ். அவர்களின் மகள் 2-1, மகன் 2-3, இருவரும் பாசிட்டிவ். மகளின் கணவர் 2-2 வெளியிலிருந்து வந்தவர், பாசிட்டிவ். 2-1, 2-2 தம்பதியின் மகள் 3-1 பாசிட்டிவ். அவள் தன் தாய்மாமன் 2-3-ஐ மணக்கிறாள். அவர்களின் மகன் 4-1 பாசிட்டிவ், மகள் 4-2 நெகட்டிவ்.

முதலில் ஒடுங்கு பண்பு தெரியும் ஆட்களை எழுதுங்கள், ஏனெனில் அவர்களின் இணை மட்டுமே பார்த்தவுடன் உறுதியாகும். 1-2, 4-2 இருவரும் −/−. அடுத்து அவர்களோடு நேரடித் தொடர்புள்ளவர்கள். பாட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் − மட்டுமே தர முடியும் என்பதால் 2-1, 2-3 இருவரும் +/−. 4-2 தாயிடமிருந்தும் ஒரு − பெற்றிருப்பதால் 3-1 உம் +/−.

மீதியுள்ளவர்களுக்கு உறுதி இல்லை. 1-1, 2-2, 4-1 மூவருக்கும் +/? என்று எழுதி நிறுத்துங்கள். 3-1-இன் − பிரதி பாட்டியிடமிருந்து தாய் வழியாக வந்திருக்கலாம், தந்தை 2-2 தந்ததாகவும் இருக்கலாம். பாட்டி நெகட்டிவ் என்பதற்காகத் தாய்வழி என்று முடிவாக எழுதுவது பலரும் செய்யும் பிழை. கேள்விக்குறியை நிரப்ப ஆசைப்படாதீர்கள்.

11. வாய்ப்பைக் கணித்தல்

3-1, 2-3 தம்பதிக்கு இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நெகட்டிவாக இருக்கும் வாய்ப்பு 4-இல் 1. ஏற்கெனவே ஒன்று பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் பாசிட்டிவ் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நோய்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறான எண்ணம் குடும்பங்களை எவ்வளவு துன்பத்தில் தள்ளுகிறது என்பதை நினைத்து, இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்.

4-1 கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 3-இல் 2. பலர் 2-இல் 1 என்று எழுதுவார்கள். +/+, +/−, −/+, −/− என்ற நான்கு சேர்க்கைகளுள் −/− அவருக்குப் பொருந்தாது என்று நீங்கிவிட்டதால், மீதி மூன்றில் இரண்டு +/−.

உறவுத் திருமணத்தின் பங்கையும் எண்ணால் பார்க்கலாம். தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், பிள்ளையின் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 8-இல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-இல் 1. மக்கள்தொகையில் 40,000-இல் ஒருவருக்கு வரும் ஒடுங்கு நோயை எடுத்துக்கொண்டால், மாமன் மணத்தில் அது ஏறக்குறைய 1,500-இல் ஒருவருக்கும், அத்தை மகன் மணத்தில் ஏறக்குறைய 3,000-இல் ஒருவருக்கும் என்று ஆகிறது. ஆனால் நூற்றில் 5 பேரிடம் உள்ள ஆர்எச் நெகட்டிவ் போன்ற பரவலான பண்பு, மாமன் மணத்தில் நூற்றுக்கு 7 என்ற அளவுக்கே ஏறுகிறது. பண்பு எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு உறவுமணத்தின் பாதிப்பு மிகும். சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் குறையுள்ள பிள்ளை பிறக்கும் என்று பேசுவதும், ஒன்றும் ஆகாது என்று பேசுவதும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

12. நோயாக இருந்தால்

வரைபடம் தலசீமியா, கதிர் அரிவாள் சோகை ஆகிய இரத்த நோய்களுள் ஒன்றைக் காட்டினால், உங்கள் வேலை அங்கே நின்று மருத்துவரின் வேலை தொடங்குகிறது. இரண்டும் ஒடுங்கு முறையில் இறங்குபவை. கடத்திகள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். தலசீமியா கடத்தியின் சிவப்பணுக்கள் சிறியனவாக இருப்பதால் சாதாரண இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு போலத் தோன்றும், மாத்திரை தின்றும் மாறாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக்காட்டும் எச்பிஎல்சி சோதனைதான் தெளிவு தரும். மலைக்கிராமங்களில் சோகை உள்ளவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால், 2023 ஜூலையில் தொடங்கிய தேசியக் கதிர் அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கத்தின் சோதனை உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆர்எச் நெகட்டிவ் பெண்கள் இருப்பதாக வரைபடத்தில் தெரிந்தால் அதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கணவர் பாசிட்டிவாக இருந்தால், கருவுற்ற 28-ஆவது வாரத்திலும், பாசிட்டிவ் குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் தாயின் உடல் குழந்தையின் இரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உருவாக்குவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போடுவது வழக்கம். கருக்கலைவுக்குப் பின்னும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வரைபடத்தின் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரட்டைக்கோடுகளும் கேள்விக்குறிகளும் அதில் தெளிவாகத் தெரியட்டும், வரைந்த தேதியை மூலையில் எழுதுங்கள். வீட்டில் அடுத்த குழந்தை பிறந்து அதன் விவரம் தெரிந்ததும், பத்தாம் படியில் +/? என்று விட்ட ஒவ்வொருவரையும் மீண்டும் பாருங்கள். ஒரு −/− குழந்தை பிறந்தால், அதன் பெற்றோர் இருவரின் கேள்விக்குறியையும் அழித்து − என்று எழுதிவிடலாம்.